ஏழாம் வருடத்து அரிசிம்பருப்பு

கொலை செய்யப்பட்டவனே நேரில் வந்து புகார் கொடுத்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அப்பாவின் பின்னால் பணிவாக நுழைந்து, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். டீ சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, சர்க்கரை கம்மியாக என்றான்.

பெயர் சிபிநாதன். கொப்பரை வியாபாரக் குடும்பம். பொள்ளாச்சி மகளிர் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர் துளசிமணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிணத்துக்குரிய ஒரு லட்சணமும் இல்லை. கன்னம் உப்பியிருந்தது. டீயோடு வந்த வடையையும் அவனே எடுத்துக்கொண்டான்.

"எம்பையனக் கொன்னுபோட்டாங்க அம்மணி" என்றார் அப்பா.

"எப்பங்க?"

"கல்யாணம் ஆயி ஏழாவது வருசத்துல."

"கல்யாணம் எப்ப ஆச்சு?"

"இனித்தானுங்க. வர்ற தை மாசம்."

துளசிமணி பேனாவை மூடி வைத்தாள்.

ஊர் ஜாதகம் பார்ப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. இப்போது ஒத்திகை. பெண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனியே ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவர்கள் சுபாவத்தின் நகல் எந்திரத்துக்குள் போகும். இரண்டு நகல்களும் உள்ளே முப்பது வருடம் குடித்தனம் நடத்தும். வெளியே நமக்கு அது ஒரே ராத்திரி. காலையில் அறிக்கை வரும். எந்த வருடம் பேச்சு நின்றது, யார் முதலில் வேறு அறைக்குப் போய்ப் படுத்தது, எல்லாம் இருக்கும். ஜோசியர்கள் பட்டினி கிடக்கவில்லை. அறிக்கையைப் படித்துப் பலன் சொல்லும் வேலைக்கு மாறிக்கொண்டார்கள். பதினான்காம் வருடத்து மனக்கசப்புக்கு எள் விளக்கு ஏற்றச் சொன்னார்கள்.

சிபிநாதனின் அறிக்கையில், ஏழாம் வருடம் ஒரு சாயங்காலம், மனைவி அரிசிம்பருப்புச் சாதத்தில் அரளி விதையை அரைத்துப் போட்டுக் கொன்றுவிட்டாள். மணப்பெண் யாழிசை, தேங்காய் மண்டி சென்னியப்பனின் இளைய மகள். அந்தப் பெண்ணைக் கைது செய்ய வேண்டும் என்று அப்பா கேட்டார். அது முடியாது என்றால் அவள் கொலைகாரி என்று ஒரு கடிதமாவது எழுதித் தர வேண்டும் என்றார். பிணம் இடையிடையே தலையாட்டியது.

அவர்கள் போனதும் டி.எஸ்.பி. கூப்பிட்டார். இரண்டு பக்கமும் வேண்டியவர்கள், சத்தமில்லாமல் முடி என்றார். கொலையே நடக்கவில்லையே என்றாள் துளசிமணி. அதனால்தான் சுலபம் என்றார் அவர்.

ஆனால் விஷயம் அதற்குள் ஊருக்குள் போயிருந்தது. அறிக்கை பொய் என்று யாராவது காட்டாவிட்டால் யாழிசைக்கு இனி இந்த மாவட்டத்தில் கல்யாணம் கிடையாது. வெளி மாவட்டத்தில் இருந்தும் யாரும் சாப்பிட வரமாட்டார்கள்.

ஒத்திகை நிலையத்தில் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன் ஜெபராஜ். சொந்த ஊர் நாசரேத். ஒரு தொப்பித் திருட்டுக் கேஸில் துளசிமணிக்கு அறிமுகமானவன். தொப்பி கிடைத்துவிட்டது. அவன் போகவில்லை. ஒரு வருடமாக இருவரும் சினிமா பாதியில் பிரிந்து, சாப்பாடு பாதியில் பிரிந்து, எப்படியோ காதலித்துக்கொண்டிருந்தார்கள். வேதக்காரப் பையனா என்று முதலில் முகம் சுளித்த துளசிமணியின் அம்மா, அறிக்கை நன்றாக வந்தால் சம்மதம் என்று இறங்கி வந்திருந்தாள்.

துளசிமணி போய்க் கேட்டதும் ஜெபராஜ் திரையில் கொலையை ஓடவிட்டான். சிபிநாதனின் நகல் வேலை முடிந்து வந்தது. சாவியை மேசையில் வீசியது. யாழிசையின் முகம் கொண்ட நகல் சாதத்தைப் போட்டு நெய் ஊற்றியது. அவன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் விழுந்த பிறகு அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"அரளி எங்கிருந்து வந்துச்சு?"

"அழகுக்குன்னு எல்லா வீட்டுக் கொல்லையிலயும் எங்க கம்பெனியே நட்டது. அத ஏன் கேக்க."

"போலீஸ் வரலியா?"

"உள்ள போலீசே கிடையாது. செலவுன்னு விட்டுட்டாங்க. மாரடைப்புன்னு பக்கத்து வீட்டுக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க."

அதற்கு முன் சண்டை உண்டா என்று கேட்டாள். ஏழு வருடத்தில் ஒரு சண்டைகூட இல்லையாம். முகம் சரி, ஆள் அதே ஆள்தானா என்று கேட்டாள்.

"முகம் நாங்க ஒட்டுறது. குடுத்த போட்டோவப் போட்டுருவோம். ஞாபகத்த எடுக்க மாட்டோம், சட்டம் விடாது. சுபாவம் மட்டும்தான். கோவம் எவ்வளவு, பயம் எவ்வளவு, கை தானா என்ன செய்யும், கால் தானா எங்க போகும். தொப்பிக்குள்ள போறது ஆள் இல்ல துளசி, ஆளோட பழக்கம்."

வேலை முடிந்ததும் நகல்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மறுநாள் காலையில் அழித்துவிடுவோம் என்றான். தினம் எத்தனை பேர் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டாள். அதற்கும் செக்ஷன் இல்லை. இந்தப் பெண் நகலை மட்டும் அழிக்கவில்லை, வேகத்தை நம் நாள் கணக்குக்குக் குறைத்து ஓடவிட்டிருக்கிறேன் என்றான். கேஸ் முடியும்வரை எந்திரத்தை நிறுத்தக் கூடாது என்று அவள்தான் உத்தரவு கொடுத்திருந்தாள்.

"நம்ம அறிக்கையும் வந்துட்டு" என்றான் ஜெபராஜ். "முப்பது வருசம். ஒரு சண்ட இல்ல."

"நல்லதாப் போச்சு" என்றாள் துளசிமணி, மேசையைப் பார்த்து.

"காலையில காப்பியக் கையில குடுத்துட்டு சல்யூட் அடிக்கா."

அவள் பேனாவை எடுத்து மூடியைத் திருகினாள்.

"என் வண்டிச் சத்தம் கேட்டா எந்திச்சு விறைப்பா நிக்கா. மொத வாரத்துலயே ரெண்டு தடவ மன்னிப்புக் கேட்டா. நீ இந்த ஜென்மத்துல யாருகிட்டயாவது மன்னிப்புக் கேட்டிருக்கியா?"

ஆழியாறு அணைக்கு மந்திரி வந்த நாளில்தான் காவல் நிலையத்துக்குத் தொப்பி வந்தது. துளசிமணி பாதுகாப்பு வேலையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். தனக்குப் பதிலாக ஹெட் கான்ஸ்டபிள் மயிலாத்தாளை ஓய்வறையில் உட்காரச் சொன்னாள். மயிலாத்தாளுக்குப் பேரன் எடுக்கிற வயது. தொப்பியை மாட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

"ஏட்டம்மாவோட முப்பது வருசம் நிம்மதியா வாழ்ந்துருக்கேன்" என்றான் ஜெபராஜ். "என் நன்றியச் சொல்லிரு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுதியான்னு பாத்தேன்."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெட்கத்தை வேலைக்குத் திருப்புவது அவள் வழக்கம். எத்தனை பேர் இப்படி ஆள் மாற்றுகிறார்கள் என்று கேட்டாள்.

"பத்துக்கு மூணு. தொப்பிய வீட்டுக்கு அனுப்புவோம். எங்க ஆளை ஹால்ல உக்கார வச்சு பஜ்ஜி குடுப்பாங்க. ரூமுக்குள்ள யாரு தலையில ஏறுச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுன ஊரு. ஜாதகத்தத் திருத்துனவன் தொப்பிய விடுவானா?"

"யாழிசை வீட்டுக்கும் தொப்பி போச்சா?"

"போச்சு. கேரட் அல்வாவும் குடுத்துருக்காங்க."

துளசிமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொலையை விட்டுவிட்டு மற்ற நாட்களைக் காட்டச் சொன்னாள். உடம்பு தானாகச் செய்வதை மட்டும்.

எல்லா நாளும் ஒன்றாகவே இருந்தது. சாயங்காலம் தெருவில் வண்டிச் சத்தம் வருவதற்கு முன்பே அவள் எழுந்து நின்றாள். முதல் வருடத்தில் சிபிநாதனின் நகல், ஏன் நிற்கிறாய், உட்கார் என்றது. அவள் சிரித்தாள். உட்காரவில்லை. மூன்றாம் வருடத்தில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். ஏழாம் வருடத்தில், வேலையில் ஏதோ எரிச்சல், ஒரே ஒரு நாள் சாவியை வீசினான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

"பாவம், நல்ல பயல்" என்றான் ஜெபராஜ். "எவன் மேல இருந்த பயத்தையோ இவன் வாங்கிச் சாப்பிட்டுருக்கான்."

சென்னியப்பன் வீட்டில் யாழிசை டீப்பாயில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். போலீஸ் வந்தும் காலை இறக்கவில்லை. ஆனால் கண் வீங்கியிருந்தது. மூன்று நாளாகச் சமையலறைப் பக்கம் போகவில்லை என்றாள். தன் கையைத் தானே நம்ப முடியவில்லையாம்.

"கோவம் வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள் துளசிமணி.

"தட்ட வீசுவேனுங்க. அப்பவே. ஏழு வருசம் காத்திருக்க எனக்கேதுங்க பொறுமை?"

அம்மா வாயைப் பொத்தாத குறையாக அதட்டினாள். சின்னவளுக்குத்தான் வாய், பெரியவள் பூமாதேவி என்று துளசிமணியிடம் சொன்னாள். பூமாதேவி சுவரோரம் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெயர் வான்மதி. இதே ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தங்கைக்கு இப்படி ஆனதிலிருந்து பகலில் இங்கே வந்துவிடுகிறாள், சாயங்காலம் கணவன் வந்து கூட்டிப்போகிறான்.

மேற்கொண்டு ஏதோ கேட்க துளசிமணி வாயைத் திறந்தாள். வான்மதி எழுந்து நின்றாள். மடியிலிருந்த தோல் எல்லாம் தரையில் விழுந்தது. அப்புறம்தான் மற்றவர்கள் காதில் வண்டிச் சத்தம் விழுந்தது.

தனசேகர் உள்ளே வந்தான். சாவியை டீப்பாயில் வீசினான். அது முறுக்குத் தட்டில் பட்டு ஓசையோடு நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு அது பழகிய ஓசை.

துளசிமணி தண்ணீர் கேட்பது போல வான்மதியின் பின்னால் சமையலறைக்குப் போனாள்.

"தொப்பிய மாட்டுனது நீங்கதானுங்களே?"

வான்மதி மறுக்கவில்லை. பாத்திரத்தை எடுத்து, திரும்ப வைத்தாள். சின்னவள் உட்கார்ந்தால் முதல் வருடத்திலேயே அத்துக்கொள்வாள் என்று காட்டும், நீ உட்கார்ந்தால் நல்ல பெயர் வரும் என்று அம்மா சொன்னாளாம்.

"அறிக்கை வந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்க, அது நான்தான்னு. அதுலிருந்து எங்க வீட்டுல நான் பருப்பே வைக்கறதில்லீங்க. தெனமும் தோசைதான்."

"அடிப்பாருங்களா?"

"அடிச்சிருந்தா யாருகிட்டயாவது சொல்லியிருப்பேனுங்க. சாவிய வீசுவாரு. அன்னைக்கு ராத்திரி எப்படி இருக்கப்போகுதுன்னு அந்தச் சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோயிரும். இத எந்த வக்கீலுகிட்டச் சொல்றதுங்க?"

"கல்யாணம் ஆயி எத்தன வருசம்?"

"ஏழாவது நடக்குதுங்க."

ஹாலில் தனசேகர் காபி கேட்கும் குரல் வந்தது. வான்மதியின் கை தானாக டம்ளரை எடுத்தது.

"உண்மையச் சொன்னா தங்கச்சி கல்யாணம் நடந்துரும். எனக்கு அந்த வீட்டுல கொலைகாரின்னு பேரு நிக்கும். சொல்லலீன்னா எனக்கு ஒண்ணுமில்ல, அவ வாழ்க்கை போச்சு. எதுன்னு நீங்களே சொல்லுங்க மேடம். உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்கல்ல" என்றாள்.

அது கிண்டலா என்று துளசிமணிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இரண்டு குடும்பத்தையும் நிலையத்துக்கு வரவழைத்தாள். ஜெபராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிபுணராக வந்தான். தொப்பி மாட்டிய அன்று மணப்பெண் தலையில் தேங்காய் எண்ணெய் மிகுதியாக இருந்தது, அதனால் எந்திரம் தப்பாகப் படித்துவிட்டது என்று வாக்குமூலம் கொடுத்தான். ஒருவர் கொப்பரை வியாபாரி, இன்னொருவர் தேங்காய் மண்டி. எண்ணெயைக் குறை சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. சுத்தமான எண்ணெய்தான் ஆழமாக இறங்கும் என்று சென்னியப்பன் பெருமையாகச் சொன்னார். சம்பந்தி ஆமோதித்தார்.

படித்த படிப்புக்கு இப்படி எண்ணெய் மேல் பழிபோட வேண்டியதாகிவிட்டது என்று ஜெபராஜ் பிறகு முணுமுணுத்தான்.

யாழிசைக்குச் சீயக்காய் போட்டுத் தலை முழுகவைத்து, நிலையத்து ஓய்வறையிலேயே மறுபடி தொப்பி மாட்டினார்கள். மயிலாத்தாள் கதவில் காவல் நின்றாள். அம்மாவை உள்ளே விடவில்லை. அறிக்கை மறுநாள் வந்தது. படிக்கவே மூச்சு வாங்கியது. இரண்டாம் மாதம் தட்டு பறந்தது. மூன்றாம் வருடம் தொலைக்காட்சிப் பெட்டி. ஐந்தாம் வருடம் கோபித்துக்கொண்டு பிறந்தவீடு போய், மாம்பழ சீசனுக்குத் திரும்பி வந்தாள். முப்பதாம் வருட முடிவில் இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள், ஒரு மின்விசிறியின் வேகத்தைப் பற்றி வாக்குவாதம் செய்தபடி.

"உசுரோட இருக்கான்ல, போதும்" என்றார் கொப்பரைக்காரர். பிணமும் சந்தோஷமாக, தை மாதமே வைத்துக்கொள்ளலாம் என்றது.

டி.எஸ்.பி. பாராட்டினார். துளசிமணிக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அது அவள் வேலை இல்லை. சாட்சிக் கையெழுத்து என்று சொல்லித் தனசேகரைக் கூப்பிட்டாள். திரையில் ஏழாம் வருடத்து அந்தச் சாயங்காலத்தை ஓடவிட்டாள். இருவர் முகத்தையும் மறைத்திருந்தாள். வண்டிச் சத்தம், எழுந்து நிற்கும் பெண், மேசையில் விழும் சாவி, நெய், இரண்டாம் சோறு, கவிழ்த்த தட்டு.

"யாருங்க இது?" என்றான் தனசேகர்.

"அதத்தான் விசாரிச்சிட்டிருக்கோம். உங்களுக்குக் கல்யாணம் ஆயி எத்தன வருசமுங்க?"

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். பாதி தூரம் போய், மறந்த சாவிக்காகத் திரும்பி வந்தான். அதைச் சத்தமில்லாமல், இரண்டு விரலால் எடுத்தான்.

செய்தது சரியா என்று துளசிமணி யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்து முடிப்பதற்குள் வான்மதியே நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

"அவருகிட்ட என்ன சொன்னீங்க மேடம்? வண்டிய முக்குலயே ஆஃப் பண்ணித் தள்ளிட்டு வர்றாரு. சாவியக் கர்ச்சீப்புல சுத்தி வைக்கறாரு. நான் முதல் வாய் சாப்பிட்டாத்தான் அவரு சாப்புடறாரு."

"நல்லதுதானுங்களே?"

"சத்தமே இல்லீங்க. எப்ப எந்திரிக்கறதுன்னு தெரியல. அஞ்சு மணியிலிருந்து நின்னுட்டே இருக்கேன்."

துளசிமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் திருந்தவில்லை, பயந்திருக்கிறான். பயம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போனதே தவிர வீட்டை விட்டுப் போகவில்லை. தொப்பி செய்யும் அதே வேலையைத்தான் அவளும் செய்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள் வான்மதி. "ஒத்திகை முப்பது வருசமுன்னாங்க. அவரு செத்தது ஏழாவதுல. மிச்ச வருசமெல்லாம் அவ என்ன பண்ணுனா?"

துளசிமணி அதைப் பார்க்கவே இல்லை. போலீசுக்குப் பிணம் வரைக்கும்தான் அக்கறை. ஜெபராஜைக் கூப்பிட்டு மிச்சத்தை அனுப்பச் சொன்னாள். இரண்டு பெண்களும் மேசைக்கு ஒரே பக்கம் உட்கார்ந்து பார்த்தார்கள்.

எட்டாம் வருடம் தொடங்கி வெகுநாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் ஆனால் எழுந்து நின்றாள். யாரும் வரவில்லை. ஒருநாள் நின்றவள் உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். கேட் தூணில் இடித்தாள். முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். திரும்பவும் ஏறினாள். ஆனைமலை ரோட்டில், இரண்டு பக்கமும் தென்னை, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். எங்கே போகிறாள் என்று எந்திரத்துக்கும் தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் அந்தத் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. வண்டிமேல் அவளே வந்தாள்.

வான்மதி அழவில்லை. ஸ்கூட்டரின் நிறத்தை உற்றுப் பார்த்தாள்.

"அதச் செய்யாம, இத மட்டும் செய்ய முடியுங்களா?"

"செய்யலாமுங்க. இதுக்கு செக்ஷன் இல்ல."

"இப்ப அவ எங்க இருக்கா?"

"ஓடிட்டுதான் இருக்கா. கேஸ் முடியற வரைக்கும் எந்திரத்த நிறுத்தக் கூடாது."

"கேஸ் எப்ப முடியும்?"

"போலீஸ் கேஸ் எப்பங்க முடிஞ்சிருக்கு?"

வான்மதி முதல் தடவையாகச் சிரித்தாள். தங்கையின் சிரிப்பேதான், சத்தம் மட்டும் இல்லை. போகும்போது வாசலில் நின்று மயிலாத்தாளிடம் எதையோ விசாரித்தாள். ஆயுதப்படை மைதானத்துக்குக் காலையில் வரச் சொன்னாள் மயிலாத்தாள். வண்டி தன்னுடையது இருக்கிறது, புடவை வேண்டாம், சுடிதார் போட்டுக்கொண்டு வா கண்ணு என்றாள். இரண்டு நாளைக்கு அம்மா வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று வான்மதி சொன்னாள். இரண்டு நாள் என்று அவள் சொன்னதை மயிலாத்தாள் நம்பவில்லை. வான்மதி பையையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

துளசிமணியின் அம்மா போன் செய்தாள். ஒரு சண்டைகூட இல்லாத அறிக்கையைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் காட்டிவிட்டாளாம். சட்டம் போட்டு மாட்டட்டுமா என்று கேட்டாள். மாட்டு என்றாள் துளசிமணி.

வெளியே ஜெபராஜின் வண்டிச் சத்தம் கேட்டது. மயிலாத்தாள் எழுந்து விறைப்பாக நின்றாள். பழக்கம். துளசிமணி எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

அவன் கையில் தொப்பியோடு வந்தான். மயிலாத்தாளின் சல்யூட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டான்.

"இப்பவாவது உக்காருதியா?" என்று தொப்பியை நீட்டினான்.

அவள் அதை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்குச் சினிமான்னு சொன்னது யாரு? இப்ப மணி என்ன?"

ஜெபராஜ் நிம்மதியாக உட்கார்ந்தான்.